நாற்பது மிதவைகள்

தோணிக்காரர் முனாப் கதிரையில் உட்கார மறுத்தார். லிங்கநகரில் சட்டத்தரணி அல்பிரட்டின் விறாந்தையில், சாரத்தின் நுனியைப் பிடித்தபடி நின்றார்.

"லோயர் ஐயா, நான் ஊரை வித்துப்போட்டன் எண்டு சொல்றாங்க. அந்தக் குப்பையை உன்ட வீட்டுக்க வைக்கச் சொல்லடா எண்டு எங்கட ஊர் சித்தி பரீதா சந்தையில வைச்சுக் கேட்டுட்டா. நான் அந்தக் கம்பனி ஆளோட போனது ஒரேயொரு நாள்."

அந்தக் குப்பை, வெளிநாட்டு அணு உலைகளில் எரிந்து தீர்ந்த எரிபொருள். முனாப்பின் ஊரான இறக்கக்கண்டியின் கரையோரம் நிலவறை கட்டி அதை வைக்க ஒரு கம்பனி கேட்டிருந்தது. மீனவர்கள் அல்பிரட் மூலம் வழக்குப் போட்டுத் தடையுத்தரவு வாங்கியிருந்தார்கள். நாளை அது முடிகிறது. இன்று காலைதான் கம்பனியின் அறிக்கை அல்பிரட்டின் கைக்கு வந்தது. மார்ச் முதலாம் திகதி நாற்பது செம்மஞ்சள் மிதவைகளைக் கடலில் விட்டார்களாம். பதினான்கு நாட்கள், பகல் பன்னிரண்டரைக்கு, முனாப்பின் தோணியிலிருந்து தூரம் அளந்தார்களாம். எல்லாமே ஆழ்கடலுக்குப் போய்விட்டன. ஆகவே கசிவு ஏற்பட்டாலும் கரைக்கு வராது. எழுதியவர் டொமினிக் என்ற அளவையாளர். அடியில் முனாப்பின் கையெழுத்து.

"முதல் நாள் வந்ததுக்கு எண்டு ஒரு இங்கிலீசுக் கடதாசியில கையெழுத்து வாங்கினவர்" என்றார் முனாப்.

மூலையில் அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு விஞ்ஞான ஆசிரியை ஞானமலர் தலை நிமிர்ந்தாள். "கலண்டர் இருக்கோ?"

அல்பிரட் ஓடிப்போய் ஆணியோடு பிடுங்கி வந்தான்.

"நாலாம் திகதியும் பதினோராம் திகதியும் அளவு இல்லை. படகோட்டிக்கு ஓய்வு எண்டு கிடக்கு. என்ன கிழமை?"

"ஞாயிறு. அது வழமைதானே, ரீச்சர்."

"மாதா கோயிலுக்குப் போற உங்களுக்கும் எனக்கும் வழமை. முனாப் நானா, நீங்கள் ஞாயிறு கடலுக்குப் போறேல்லையோ?"

"ஏன் போகாம? வெள்ளிதான் எங்கட கரையில தோணி இறங்காது, ஜும்ஆத் தொழுகை முடியுமட்டும்."

"ரெண்டாம், ஒன்பதாம் திகதி வெள்ளி. அறிக்கைப்படி பன்னிரண்டரைக்கு நீங்கள் தோணியில நிண்டிருக்கிறியள்."

அல்பிரட் அறிக்கையை எட்டி வாங்கினான். தானும் அதே பக்கத்தை மூன்று தடவை படித்தவன்தான். "டொமினிக் நீர்கொழும்பு ஆள். அங்க ஞாயிறு ஒருத்தரும் வலை போடமாட்டினம். மேசையில இருந்து எழுதினவர், தன்ர ஊர் ஓய்வுநாளை இஞ்ச கொண்டுவந்து போட்டிட்டார். ரீச்சர், கேஸ் வெண்டாச்சு."

"இல்லை. அண்டைக்கு வேற தோணி எண்டு சொல்லித் தப்பலாம். பதினாலு நாளுக்கு வந்தவர் ஏன் ஒரு நாளோட போனவர்? உண்மை அளவு கம்பனிக்கு வாய்ப்பாயிருந்தால் பொய் அளவு எதுக்கு?"

"அப்ப மிதவையள்?"

"கரைக்கு வந்திருக்கும்."

அல்பிரட்டின் பழைய மொரிஸ் கார் நிலாவெளி வீதியில் அவ்வளவு வேகமாக ஓடியது அதுவே முதல் தடவை. இறக்கக்கண்டிக் கரையில் இறங்கி மூவரும் நடந்தார்கள். மணலும் கயிறும்தான். இரண்டு மாதம் கழிந்திருந்தது. அல்பிரட் சோர்ந்துபோனான்.

"நல்ல பிளாஸ்டிக்கை ஆர் மணலில விட்டுவைப்பினம்?" என்றாள் ஞானமலர். "வீடுகளின்ர குசினியளைப் பாப்பம்."

முதல் வீடே சித்தி பரீதாவுடையது. முனாப்பைக் கண்டதும் வாசலை அடைத்து நின்றாள். "இவன் படலைக்கு அங்கால நிக்கட்டும்."

அவளுக்குப் பின்னால் தண்ணீர்க் குடத்தின் மேல் ஒரு செம்மஞ்சள் கிண்ணம் கவிழ்ந்திருந்தது. பாதியாக வெட்டிய பந்து. அடியில் கம்பனியின் முத்திரை, பதினேழாம் இலக்கம்.

"இது எங்கால உங்களுக்கு?" அல்பிரட் அதைச் சுட்டிக் கேட்டான்.

"கரையிலதான். மார்ச் மாசத்து முதல் வெள்ளி. ஆம்பிளையள் ஜும்ஆவுக்குப் போன நேரம் நாங்க பொம்பிளையள் பொறுக்கினோம். வீட்டுக்கு வீடு கிடக்கு. ஏன், திருப்பிக் கேக்கிறாங்களோ?"

பொழுது சாயுமுன் முப்பத்தொரு மிதவைகள் சாக்கில் சேர்ந்தன.

மறுநாள் திருகோணமலை நீதிமன்றத்தில் டொமினிக் கூண்டில் நின்றார். ஞாயிறு ஏன் அளவில்லை என்று அல்பிரட் கேட்டான்.

"மீனவர் ஞாயிறு தொழிலுக்குப் போகமாட்டார்கள்."

"வெள்ளி பகல்?"

"வழமைபோல முனாப்போடு போனேன்."

பின்வரிசை வாங்கில் இருந்த இறக்கக்கண்டி ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அல்பிரட் சாக்கை அவிழ்த்துக் கவிழ்த்தான். கிண்ணங்கள் மேசையெங்கும் உருண்டன. "இவை ஆழ்கடலுக்குப் போனவை, கனம் நீதிபதி அவர்களே. நீங்கள் வாசித்த அறிக்கையில் இவர் இவற்றைத் தோணியிலிருந்து பார்த்ததாகச் சொல்லும் அதே வெள்ளி, அதே பகல், ஊர்ப் பெண்கள் கரையில் பொறுக்கியிருக்கிறார்கள். மார்ச் இரண்டாம் திகதி. பொறுக்கியவர்கள் சாட்சிக்கு வந்திருக்கிறார்கள்."

டொமினிக் ஒரு கிண்ணத்தின் இலக்கத்தைப் பார்த்தார். பிறகு தன் அறிக்கையை மடித்துவைத்தார். வழக்கு முடியும்வரை தடையுத்தரவு நீடிக்கப்பட்டது.

வெளியே நிலாவெளி பஸ் ஊர் ஆட்களால் நிரம்பி நின்றது. முனாப், ஊரார் ஏசத் தொடங்கியதிலிருந்து செய்வதுபோலப் பின்கதவுக்கு ஒதுங்கினார்.

"அங்க எங்க போறாய்?" என்றாள் சித்தி பரீதா. "முன்னால ஏறி ட்ரைவருக்குப் பக்கத்தில இரு. பள்ளிவாசல் சந்தியில நிக்கிற எல்லாரும் உன்ட முகத்தைக் காணட்டும். ஆராவது கேட்டா, நான் பதில் சொல்றன்."