மூன்றாம் இலக்க விமானம்

லண்டனிலிருந்து தில்லைநாதன் மாமா அனுப்பிய கடிதத்துக்குள் வழுவழுப்பான ஒரு தாளும் இருந்தது. அதில் நான்கு போர் விமானங்களின் படங்கள்.

"இராசாத்தி, உனக்கு விமானம் என்றால் பைத்தியம் என்று அம்மா எழுதியிருந்தார். இவை துண்டு துண்டாகப் பெட்டியில் வரும். பசை பூசிப் பொருத்தினால் உண்மையான விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் அச்சொட்டாக இருக்கும். பிறந்தநாளுக்கு எது வேண்டும்? இலக்கத்தை எழுது" என்று மாமா கேட்டிருந்தார்.

எது வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் ஊருக்கு மேலே வந்து குண்டு போடுகிறதே, அந்தச் சுப்பர்சொனிக்தான் வேண்டும். அதுபோல ஒன்று போதாது. அதுவேதான் வேண்டும்.

விமான விஷயத்தில் வகுப்பில் என்னை விட்டால் ஆள் இல்லை. ஒருமுறை கணக்குப் பாடத்தின் நடுவே வானத்தில் இரைச்சல் கேட்டு, எல்லோரும் பள்ளி முற்றத்தில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்கு ஓடினார்கள். நான் மட்டும் ஓடவில்லை.

"ஹெலிகொப்டர், ரீச்சர். தூரத்திலைதான் போகுது" என்றேன்.

பங்கருக்குள் பாதி இறங்கியிருந்த ரீச்சர் சேலையைத் தட்டிக்கொண்டு ஏறி வந்தார். அந்தப் பெருமையில் ஒரு வாரம் என் கால் நிலத்தில் படவில்லை.

ஆனால் இந்தத் தாள் என் தலையைச் சுற்ற வைத்தது. நான்கு படங்களும் பக்கவாட்டில் வரைந்தவை. நானோ விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்தவள். அதன் வயிறும் முக்கோணச் சிறகுகளும்தான் எனக்குத் தெரியும். பாயில் மல்லாந்து படுத்து, தாளைத் தலைக்கு மேலே பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"அம்மா, சுப்பர்சொனிக்கைப் பக்கத்தாலை பாத்திருக்கிறீங்களோ?"

"நான் பங்கருக்கை ஓடுறதோ, நிண்டு அதின்ரை மூஞ்சையைப் பாக்கிறதோ?" என்றார் அம்மா.

எங்கள் பள்ளிக்கூடச் சீவரத்தினம் மாஸ்டர் மறுநாள் காலை கிளாலிக் கரைக்குப் போய்ப் படகேறிக் கொழும்புக்குப் போக இருந்தார். தபாலை நம்ப முடியாததால் கடிதத்தை அவரிடம்தான் கொடுத்துவிட வேண்டும். அவரை விட்டால் அடுத்ததாக யார் எப்போது போவார்களோ தெரியாது.

அப்போதுதான் லயனலின் நினைவு வந்தது.

லயனல் என் வகுப்புப் பையன்; தாயில்லாதவன். இரண்டு மாதத்துக்கு முன்பு எங்கள் ஒழுங்கையில் குண்டு விழுந்தபோது அவன் மாமரத்தின் உச்சியில் இருந்தான். விமானம் தாழப் பறந்து அவனுக்குப் பக்கத்தால் போனதாம். அன்றைக்கு அவனுடைய தங்கை வினிபிரட் செத்துப்போனாள். அவளுக்கு ஐந்து வயது. அதற்குப் பிறகு லயனல் யாரோடும் கதைப்பதில்லை.

இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் தாளோடு அவன் வீட்டுக்குப் போனேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவர்களுடைய வீட்டில் சமைக்கிற குசினி மட்டுமே மிஞ்சியிருந்தது. லயனல் கிணற்றுக்கட்டில் இருந்தான். கொடியில் அவனுடைய சட்டையும் அவன் அப்பாவின் சாரமும் காய்ந்தன. வேறு ஒன்றும் இல்லை.

வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்த கேள்வியை நான் கேட்கவில்லை. தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"சும்மா வந்தனான்" என்றேன்.

அவன் கையை நீட்டினான். கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

நெடுநேரம் பார்த்தான். பிறகு மூன்றாவது படத்தில் விரலை வைத்தான்.

"இதுதான். மூக்கிலை ஓட்டை. அதுக்குள்ளை ஒரு கூர்" என்றான். குரல் கரகரத்தது. "ஆனா குண்டு ஒண்டையும் கீறேல்லை."

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். தாளைத் திரும்ப வாங்கக்கூட நான் கை நீட்டவில்லை.

"உது எவ்வளவு பெரிசு வரும்?" என்று கேட்டான்.

"ஒரு சாண்."

அவன் கிணற்றுக்கட்டில் கையை விரித்து வைத்து, அந்த ஒரு சாணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வினி மாங்காய் கேட்டவள்" என்றான் திடீரென்று. "கெதியாய்ப் பிடுங்கு, கெதியாய்ப் பிடுங்கு எண்டு கீழை நிண்டு ஒரே கரைச்சல். நான் வேணுமெண்டே மெல்லமாய்ப் பிடுங்கினனான். பிளேன் வரேக்கை, பங்கருக்கை ஓடு எண்டு கத்தினன். சத்தத்திலை அவளுக்குக் கேக்கேல்லை. வீட்டுக்குள்ளை ஓடிட்டாள்."

அவன் விரித்த கையை மடக்கினான்.

"கெதியாய்ப் பிடுங்கியிருந்தா ரெண்டு பேரும் பங்கருக்குள்ளை இருந்திருப்பம். என்ன?"

'உன்னிலை பிழை இல்லை' என்று பெரியவர்கள் எத்தனையோ தரம் அவனுக்குச் சொல்லியிருப்பார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. அவன் பக்கத்தில் இருந்து அழுதேன். அவனும் அழுதான்.

"வினி உப்புப் போட்டோ மாங்காய் தின்னுறவள்?" என்று கடைசியில் கேட்டேன்.

"உப்பு மட்டுமே? சீனியும் போடுவாள், விசரி" என்றான் லயனல்.

"பிறகு?"

அவன் சொல்லத் தொடங்கினான். ஹெலிக்குக் கைகாட்டியதற்காக அவள் அடி வாங்கியது, பங்கருக்குள் கோழிக்குஞ்சைக் கொண்டுவந்து எல்லோரையும் கத்த வைத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். பொழுது பட்டது. மாஸ்டர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஞாபகம் வந்தது. ஆனாலும் நான் எழும்பவில்லை.

"பொழுதுபட்டும் எங்கையடி..." என்று ஏசிக்கொண்டே வந்த அம்மா, லயனலின் குரலைக் கேட்டதும் வாசற் படலையிலேயே நின்றுவிட்டார். குசினி வாசலில் அவனுடைய அப்பா நிலையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை மாஸ்டர் சைக்கிளில் ஏறும் நேரத்தில் ஓடிப்போய்க் கடிதத்தைக் கொடுத்தேன். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"அன்புள்ள மாமா, மூன்றாம் இலக்கம்தான் சரியான விமானம். பக்கத்தில் பார்த்தவன் சொன்னான். அதை வாங்க வேண்டாம். வேறு என்ன கேட்கலாம் என்று லயனலும் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்."