ஈரச் சுண்ணாம்பு

கூரை விழுந்து இருநூறு வருடமாகிவிட்ட தேவாலயத்துக்குள்ளிருந்து ஈரச் சுண்ணாம்பு மணத்தது. இன்று காலைதான் பூசி முடித்தது போன்ற மணம். வாசலில் நின்ற நிமலினி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவளும் கணவன் அனோஜனும் கனடாவில் வளர்ந்தவர்கள்; யாழ்ப்பாணம் வந்து நாலு நாள்தான் ஆகிறது. தன் முன்னோர் ஞானஸ்நானம் பெற்ற ஒல்லாந்தர் காலத்துக் கோயிலை ஒருதரம் பார்த்தே ஆகவேண்டும் என்று அனோஜன் பிடிவாதமாக நின்றதால்தான் இவ்வளவு தூரம் வந்தார்கள். ஓட்டோக்காரர் பஞ்சலிங்கம் பனங்காணிக்கு அப்பால், வீதியிலேயே நிறுத்திவிட்டார். தான் கிட்ட வரமாட்டன் என்றார். ஏனென்று கேட்டதற்கு ஓட்டோவை வந்த பக்கமே திருப்பி நிறுத்தினார்.

அனோஜன் கமெராவோடு உள்ளே போய்ப் பத்து நிமிடமிருக்கும். உச்சி வெயிலில் பனையோலைகள் சரசரத்துக்கொண்டிருந்தன. அதற்கடியில், சுவருக்குள்ளிருந்து வருவது போல, மேசன் சாந்தகப்பையால் சுவரை இழைக்கும் மெல்லிய சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி இழைத்தது.

"அனோ, வாரும், போவம்."

"ஓம், வாறன்."

அவன் குரல்தான். ஆனால் வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு கதைப்பது போலிருந்தது. நிமலினி காத்திருந்தாள். அவன் வரவில்லை. திரும்பவும் கூப்பிட்டாள், அதே பதில், இன்னும் தாழ்வாக. அவள் உள்ளே போனாள்.

நாலு முருகைக்கல் சுவர்கள். முழங்கால் உயரப் புல். மேலே வெறும் வானம். ஒளிந்துகொள்ள ஒரு மூலையும் இல்லை.

அனோஜன் இல்லை.

"அனோ?"

"ஓம், வாறன்."

பக்கத்துச் சுவருக்குள்ளிருந்து.

கறுத்துப் பாசிபிடித்த கற்களுக்கு நடுவே ஓர் ஆள் உயரத்துக்கு வெள்ளையாகப் பூசியிருந்தது. ஈரம் காயவில்லை. நிமலினி விழுந்தடித்து ஓடி, இரண்டு கைகளாலும் அதை விறாண்டினாள். சுண்ணாம்பு நகக்கண்ணில் எரிந்தது. குழைந்து விழுந்தது. உள்ளே, ஆழத்தில், விரல்கள். அவள் வலக்கையை மணிக்கட்டுவரை நுழைத்து அவற்றை இறுகப் பிடித்தாள்.

விரல்களும் பிடித்தன.

"ஆரோடை கதைக்கிறீர்?"

பின்னாலிருந்து கேட்டது. திரும்பினாள். வாசலில், வெயிலில், அனோஜன் நின்றான். கழுத்தில் கமெரா.

"நான் பின்பக்கத்தாலை எப்பவோ வந்திட்டன்" என்று சிரித்தான். "அப்பிடியே நில்லும். ஒரு படம் எடுக்கிறன்."

அவள் கையை இழுத்தாள். வரவில்லை. கத்த வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. அனோஜன் ஒரு கண்ணை மூடிக் கமெராவை உயர்த்தினான்.

சுவரிலிருந்து இன்னொரு கை வெளியே வந்தது. அவசரப்படவில்லை. அவளுடைய மணிக்கட்டைச் சுற்றி ஈரச் சுண்ணாம்பை அப்பி, அழுத்தி, தடவித் தடவி மட்டமாக்கத் தொடங்கியது.