கிளையிலிருந்து வந்த சர்வர்

சர்வர் அறையிலிருந்து வெளியே போகலாமென்று கதவில் அடையாள அட்டையைக் காட்டினார். கதவு சிவப்பு விளக்கைக் காட்டியது. அவருக்குச் சிரிப்புதான் வந்தது. அலுவலகத்தில் யாரை விடுவது, யாரை விடக்கூடாது என்று கதவுகளுக்குச் சொல்லித்தரும் சர்வரையே கட்டி மேய்க்கிறவருக்கு, ஒரு கதவு வழிவிட மாட்டேன் என்கிறதாம்!

விடுமுறை நாளின் மதியம். சர்வர் அறையில் குளிர்பதனத்தின் இரைச்சலைத் தவிர வேறு சத்தமில்லை. ஒரு சர்வர் படுத்துவிட்டால் இன்னொன்று தோள்கொடுக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. அண்மையில் தீப்பிடித்த கிளை அலுவலகத்தில் இருந்தது ஒரே சர்வர்தான். அது உறைந்துபோனதும் எந்தக் கதவும் திறக்கவில்லை; உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. "தூங்குமூஞ்சிகள், ஜன்னலையாவது உடைத்திருக்கலாம்" என்று விசாரணையிலேயே சொன்னவர் அவர். புதிதாக வாங்குவானேன் என்று அந்தக் கிளைச் சர்வரையே கரி துடைத்துக் கொண்டுவந்து, இங்கிருப்பதையெல்லாம் அதில் நகலெடுக்க அவரே கட்டளை கொடுத்திருந்தார்.

மனைவியின் தம்பியைக் கைபேசியில் அழைத்தார். அவன் இவருக்குக் கீழேதான் வேலை பார்க்கிறான்.

"என் அட்டை செத்துப்போச்சு. வீட்லேருந்து பாத்து கதவைத் திறந்து விடுடா."

"என்னாலயும் சிஸ்டத்துக்குள்ள போக முடியல மாமா. எதுலேருந்து எதுக்கு நகல் எடுத்தீங்க?"

"எனக்கே பாடமா? உங்க அக்கா மூஞ்சிக்காகத்தான் உன்னை வெச்சிருக்கேன்."

"கோவிச்சுக்காதீங்க. அந்தக் கிளைப் பெட்டில இருந்த பழைய பதிவை நாம அழிக்கவே இல்ல. அதுல கிளை ஆளுங்க மட்டும்தான் இருக்காங்க."

திரையைப் பார்த்தார். அம்புக்குறி தலைகீழாக இருந்தது. கிளைச் சர்வர்தான் இங்கிருந்ததை அழித்துவிட்டுத் தன்னிடம் இருந்ததை நிரப்பியிருந்தது.

"சரி, அதனால என்ன? செத்ததுங்க வந்து வேலை பாக்கப் போகுதா?"

பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்தது.

வெகுதூரத்தில், வாசல் பக்கம், கதவு ஒன்று 'பீப்' என்றது. காவலாளியாக இருக்கும், தண்டச்சோறு என்று நினைத்துக்கொண்டார். ஆனால் காவலாளியின் அட்டையும் இப்போது செல்லாது.

அடுத்த கதவு. 'பீப்.' ஒருவர் அல்ல. ஒவ்வொருவராக அட்டை தேய்க்கிறார்கள், காலையில் வேலைக்கு வருகிறவர்களைப் போல, அவசரமில்லாமல்.

குளிர்பதனக் காற்றில் கருகிய ரப்பர் வாடை. அதற்குள் வேறொரு வாடை.

உள்ளங்கையால் கதவை அறைந்தார். சிவப்பு. மறுபடி அறைந்தார். சிவப்பு.

வெளியே காலடிகள் நின்றன.

பச்சை.

கதவு மெல்லத் திறந்தது. பின்னால் வருகிறவர்களுக்காக அதைப் பிடித்துக்கொண்டிருந்தது, கரிந்த ஒரு கை.