வெதுவெதுப்பான மழை

வேலைக்குப் போகும்முன் அமலன் தினமும் தடித்த கண்ணாடிச் சுவரோரம் நின்று, வெளியே சரிவில் படுத்திருக்கும் அப்பாவைப் பார்த்துத் தலையசைப்பான். அப்பா இறந்து ஒன்பது வருடம். மீசை முறுக்குக்கூடக் கலையவில்லை. செவ்வாய்க் கோளின் குளிரிலும் வறட்சியிலும் எதுவும் அழுகாது. குடியிருப்பில் இறந்தவர்கள் எல்லோரும் அங்கேதான், முகம் மட்டும் தெரிய, உடலைச் சுற்றிக் கல் அடுக்கி.

இன்று அவன் தலையசைக்கவில்லை. முந்தின நாள் அண்ணன் குருசு இறந்திருந்தான்.

குருசு, அவன் மனைவி ரோசிலி, அமலன் மூவரும் காலநிலை அறைகளில் மண் செய்கிறவர்கள். அறைகளுக்குப் பூமியின் ஊர்ப் பெயர்கள். லடாக் அறையில் விரிசலுக்குள் நீர் உறைந்து பாறையைப் பிளக்கும். ராமநாதபுரத்தில் ஈரம் காய்ந்து உப்புப் பூக்கும். சிரபுஞ்சியில் சூடும் ஓயாத மழையும் கரும்பாறையை அரித்துச் சிவந்த களியாக்கும். எந்தக் களியிலும் ஒரு புல்கூட இதுவரை நிலைத்ததில்லை.

"அவர சிரபுஞ்சில வச்சிரலாம்," என்றாள் ரோசிலி. அப்படி யாரும் கேட்டதில்லை. உடன்பிறந்தவன் சம்மதிக்காமல் நடக்காது.

"கிறுக்கா மைனி ஒங்களுக்கு? அங்க வச்சா கரைஞ்சிருவான்."

"கரையட்டும். பாறையே கரையுது."

"வெளிய வச்சா தினமும் பாக்கலாம்லா?"

"மாமாவ ஒம்பது வருசமா பாத்துட்டிருக்க. ஒரு நாளாவது அழுதியா?"

அமலன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரோசிலி விடவில்லை.

"வெறும் பாறைப்பொடி மண்ணாகாது, ஏதாச்சும் செத்து அதுல சேரணும்னு அவருதான சொல்லுவாரு."

"சோத்துல கை வைக்கும்போதுல்லா சொல்லுவான், சவத்துப் பய."

ரோசிலி சிரித்துவிட்டாள். பிறகு இருவரும் அழுதார்கள். அமலன் சரி என்றான்.

குருசைச் சிரபுஞ்சியின் களியில் கிடத்தி, முகத்தையும் மூடினார்கள். மழை தொடங்கியது. அமலன் புறங்கையை நீட்டிப் பார்த்துவிட்டு, சுவரிலிருந்த குமிழைத் திருப்பி மழையின் சூட்டைக் கொஞ்சம் கூட்டினான்.

"என்ன பண்ணுத?"

"பச்சத்தண்ணி பட்டா அவனுக்குத் தும்மல் நிக்காது மைனி."

"சூடு கூட்டினா சீக்கிரம் கரைஞ்சிருவாரு. தெரியும்லா?"

"தெரியும்."

மறுபடி புறங்கையை நீட்டினான். இன்னும் கொஞ்சம் கூட்டினான்.