ஏழாம் கட்டிலின் சொட்டு

தம்பியைத் தோல் நோய் வார்டில் சேர்த்தபோது அக்காவுக்கு இருந்த ஒரே கவலை, மூன்று வாரம் அவன் ஒரே இடத்தில் கிடப்பானா என்பதுதான். சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. அவள் அதே வார்டில் நர்ஸ். அவன் சவரக் கடைக்காரன். அவன் கத்தி கன்னத்தில் ஓடுவதே தெரியாது என்பார்கள். அதெல்லாம் கையில் செதில் வரும் வரைக்கும்.

சொரியாசிஸ் தொற்றாது. சரிதான். அதைக் கழுத்தில் துண்டு கட்டி நாற்காலியில் சாய்ந்திருக்கிறவரிடம் சொல்லிப் பாருங்கள்! சவரக்காரன் விரலிலிருந்து வெள்ளைத் தூள் சட்டையில் உதிர்ந்ததும் ஒருவர் பாதி முகம் நுரையோடு எழுந்து ஓடினார். அன்று சாத்திய கடைதான்.

"இந்தக் கை சரியாகலைன்னா நான் எதுக்குக்கா இருக்கணும்?" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

கிடைத்தது சுவரோரம் ஏழாம் கட்டில். பழைய வார்டு அது. தார் களிம்பின் வாடை சுவரிலேயே ஊறிப்போயிருந்தது. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் கட்டில்களின் தலைமாட்டில் பழுப்புக் கறை மேலே வந்துவிடும். காலையில் உடம்பெல்லாம் தார் பூசி, கழுவி, புற ஊதா விளக்குக் கூண்டுக்குள் நிற்க வைப்பார்கள். மதியம் இரண்டு மணிக்கு ஜன்னல்களைச் சாத்திவிட்டு எல்லாரையும் தூங்கச் சொல்வார்கள்.

"தார் ரோடு போட்டாச்சு, இனி வண்டி விட வேண்டியதுதான்" என்று முதல் நாள் கிண்டலடித்தான் தம்பி.

ஆறாம் நாள் காலை களிம்போடு வந்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள். முதுகில் ஒரு செதில் இல்லை, கையில்தான் கொஞ்சம் பாக்கி. மூன்று வாரத்தில் ஆக வேண்டியது ஐந்தே நாளில் ஆகியிருந்தது. டாக்டருக்கு வாயெல்லாம் பல். அக்கா அந்த முதுகைத் தடவித் தடவிப் பார்த்து அழுதேவிட்டாள். தம்பி திரும்பிச் சிரித்தான்.

அவன் மூச்சில் பூண்டு வாடை.

"என்னடா தின்ன?"

"நீங்க குடுக்கிற ரொட்டியும் பாலும்தான். அந்தச் சொட்டு மருந்து வாடையா இருக்கும். மத்தியானம் ஒரு பெரியவர் கொண்டாந்து குடுக்கிறாரே, தங்கமான மனுஷன். வாய்விட்டு எண்ணித்தான் ஊத்துவாரு. நாளுக்கு ஒண்ணு கூட்டுறாரு. நேத்து அஞ்சு."

வார்டில் யாருக்கும் சொட்டு மருந்து எழுதவில்லை. அப்படியொரு பெரியவரும் வேலையில் இல்லை.

அவள் நேராக மருந்து கொடுக்கும் அறைக்குப் போனாள். அங்கிருந்த மருந்தாளுநர் அம்மாள் மாத்திரை எண்ணுவதை நிறுத்தாமலே சொன்னார்.

"அது அந்தக் காலத்து வைத்தியம்மா. பாஷாணக் கரைசல். தோலு கண்ணாடியா ஆயிடும், உள்ள குடல் போயிடும். நாளுக்கு ஒரு சொட்டு ஏத்துவாங்க. கண்ணு வீங்கினதும் நோயாளி 'போதும்'னு சொல்லணும். சொன்னதும் நிறுத்திடுவாங்க."

"சொல்லலைன்னா?"

"இங்கே ஒரு கம்பவுண்டர் இருந்தாராம். நோயாளி வாயால சொல்ற வரைக்கும் ஏத்திக்கிட்டே போவாராம். விதின்னா விதி அவருக்கு. ஆனா தோல் தெளிஞ்சு வரும்போது எவன்மா போதும்னு சொல்லுவான்? ஒருத்தர் பின்னால ஒருத்தரா ஏழு பேரு வாயே திறக்காமப் போய்ச் சேர்ந்தாங்க. அப்புறம்தான் அந்த மருந்தையே நிறுத்தினாங்க. அவரு செத்தும் அம்பது வருஷம் ஆச்சு. நீ ஏன் இப்படி வெளுத்துப் போற?"

அவள் சொன்னதை டாக்டர் கேட்டுவிட்டு, தூக்கத்தில் வந்த கனவு என்றார். தம்பியோ, "நீ வேண்டாம்னு சொன்னதும் அவரை அனுப்பிட்டேன்க்கா" என்று சத்தியம் செய்தான். அவள் நம்பினாள். சொந்தத் தம்பி பொய் சொல்வான் என்று எந்த அக்கா நினைப்பாள்?

பன்னிரண்டாம் நாள் அவன் இமைகள் வீங்கியிருந்தன. உள்ளங்கையில் மிளகு தூவியது போலக் கரும்புள்ளிகள். அன்று மதியம் அவள் கட்டிலருகே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு மணி. ஜன்னல் இடுக்குகளில் மட்டும் வெளிச்சம். மற்ற கட்டில்களில் குறட்டை.

செருப்புச் சத்தம் கேட்டது.

யாரும் வரவில்லை. சத்தம் மட்டும் கட்டில் கட்டிலாகத் தாண்டி வந்தது. ஏழாவதில் நின்றது. சீசா மூடி திறந்தது. கண்ணாடியில் கண்ணாடி மெல்ல இடித்தது.

பூண்டு வாடை.

தம்பி குருவிக் குஞ்சு மாதிரி வாயைத் திறந்தான்.

"ஒண்ணு" என்றது ஒரு குரல். நாக்கில் சொட்டு விழுவது அவளுக்குக் கேட்டது.

"ரெண்டு."

எழுந்திருக்க முயன்றாள். முடியவில்லை. "பன்னிரண்டு" கேட்ட பிறகுதான் அவளுக்குக் குரலே வந்தது.

"போதும்! போதும்!"

எண்ணுவது நின்றது. பிறகு அவள் காதோரம், கனிவாக:

"நோயாளி சொல்லணும்மா."

அவள் தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லுடா! எனக்கு உன்னை விட்டா யாருடா இருக்கா? சொல்லு!"

அவன் தன் கைகளைப் பார்த்தான். புறங்கையெல்லாம் தெளிந்து, கட்டைவிரலில் மட்டும் ஒரு செதில் பாக்கி. கண்ணீர் வழிந்தது.

"போதும்" என்றான்.

செருப்புச் சத்தம் போய்விட்டது. அன்று சாயங்காலமே அவனை வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

இமை வற்றியது. புள்ளிகள் மங்கின. செதில் மட்டும் திரும்பி வந்தது, முழங்கையில் தொடங்கி விரல் வரைக்கும். இரண்டு மாதம் தம்பி யாரோடும் பேசவில்லை. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "உனக்காகத்தான் சொன்னேன். கைக்கு எட்டினதை நீயே தட்டி விட்டுட்ட" என்றான். அப்புறம் வீட்டை விட்டுக் கடையிலேயே போய்த் தங்கிவிட்டான். அவள் போனாலும் கதவைத் திறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து போன் வந்தது. "கடை திறந்துட்டேன்க்கா! வந்து பாரு!"

ஓட்டமாக ஓடினாள். கடையில் காலை நேரத்தின் கடைசி வாடிக்கையாளர் சாய்ந்திருந்தார். தம்பியின் வெறும் கை அவர் கன்னத்தில் வழுக்கிக்கொண்டிருந்தது. புறங்கை குழந்தையின் தோல் மாதிரி இருந்தது. அப்பாடா என்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வாடிக்கையாளர் கன்னத்தைத் தடவிக்கொண்டே போனார். தம்பி கத்தியைத் துடைக்க உள்ளங்கையைத் திருப்பினான்.

கரும்புள்ளிகள்.

வீங்கிய இமைகளோடு அவளைப் பார்த்துச் சிரித்தான். பூண்டு வாடை கடை முழுக்க அடித்தது.

"எத்தனைடா?"

"நான்தான் கூப்பிட்டேன். விட்ட இடத்துலேர்ந்தேதான் ஆரம்பிச்சாரு. நேத்து முப்பத்தொண்ணு."

"டேய், அந்த வார்த்தையைச் சொல்லிடுடா. கால்ல விழுறேன்."

"இந்தத் தடவை கேக்காதக்கா. இன்னைக்கு மட்டும் ஒம்பது பேரு வந்தாங்க. ஒருத்தர் கூட எழுந்து ஓடலை."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மணி இரண்டு. கதவைச் சாத்தினான். தன் நாற்காலியில் தானே உட்கார்ந்து, கழுத்தில் தானே துண்டைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து வாயைத் திறந்தான்.

கண்ணாடியில் அவர்கள் இரண்டு பேர்தான் தெரிந்தார்கள். சீப்புகளுக்கு நடுவே சீசாக் கண்ணாடியில் கண்ணாடி மெல்ல இடித்தது.

"ஒண்ணு."