கட்டம் சிறுக்கச் சிறுக்க

திரையில் காற்று கீழே இறங்கிக்கொண்டிருந்தது. சளி மட்டும் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

தினமும் வேலைக்கு வந்ததும் அவள் முதலில் செய்வது இதுதான். கணினி போட்டு முடித்த கணக்கை எண்களாகப் படிக்காமல் படமாக்கிப் பார்ப்பாள். லட்சக்கணக்கான எண்களுக்கு நடுவே பதுங்கியிருக்கும் பிழை, வண்ணம் பூசியதும் பல்லை இளித்துவிடும். மூச்சுக்குழாயில் மருந்துப் புகை எங்கே போய்ப் படிகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. வேகமான காற்றுக்குச் சிவப்பு, மந்தமான காற்றுக்கு நீலம், சளிக்கு மஞ்சள் கலந்த பச்சை. அந்தப் பச்சையைத் தேர்ந்தெடுத்தவளே அவள்தான். ஆனாலும் இன்று, குரல்வளைக்குக் கீழே சுவரோடு ஒட்டி, கொழகொழவென்று காற்றை எதிர்த்து ஊர்ந்த அந்த உருண்டையைப் பார்த்ததும் அவள் வாயில் புளித்த எச்சில் ஊறியது. கணக்கில் அங்கே அவள் சளி எதையும் வைக்கவில்லை.

எல்லாரும் சோடாபுட்டி என்று கூப்பிடும் சக ஆய்வாளர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"வலையோட கட்டம் பெருசா இருக்கும். கட்டத்தைச் சின்னதாக்கிப் போட்டா காணாமப் போயிடும். கம்ப்யூட்டருக்கும் சளி பிடிக்கக் கூடாதா என்ன?"

அவள் சிரித்தாள். அவர் சொன்னது சரிதான். ஒருவரின் ஸ்கேனிலிருந்து எடுத்த மூச்சுக்குழாயைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். கட்டம் சிறுக்கச் சிறுக்கப் பொய்யான உருவம் கரைந்துவிடும், உண்மையானதுதான் துலங்கும். அவள் கட்டங்களைப் பாதியாக்கி மறுபடி ஓட்டினாள்.

மதியம் படம் வந்தது. உருண்டை கரையவில்லை. துலங்கியிருந்தது.

வழவழப்பான தோல். அதில் நனைந்த துணியைப் பிழிந்தாற்போல் மடிப்புகள். அருவருப்புத் தாங்காமல் பச்சையைச் சாம்பல் நிறமாக்கினாள். ஊறிக் கிடக்கும் இறைச்சிபோல் இன்னும் மோசமாகத் தெரிந்தது. படத்தைத் திருப்பினாள். கீழ்ப்பக்கம் ஒரு பிளவு. அது திறந்தது, மூடியது. மூச்சின் தாளத்தில் அல்ல. தனக்கென்று ஒரு தாளத்தில்.

சோடாபுட்டி மூக்கைச் சுளித்தார். இப்போது அவர் குரலில் கேலி இல்லை.

"இது யாரோட ஸ்கேன்?"

"எங்க வீட்டுக்காரரோடது. ஆள் கிடைக்கலன்னு புலம்பினேன், அவரே வந்து படுத்தாரு."

"டாக்டர் பார்த்தாரா?"

"பார்த்தாரு. சுத்தமா இருக்குன்னாரு." அவள் படத்தை மறுபடி பார்த்தாள். "ஆனா அதுக்கப்புறம்தான் தொண்டையைச் செருமிக்கிட்டே இருக்காரு."

"வீட்டுக்குப் போம்மா," என்றார் அவர். "இப்பவே போ."

வீட்டுக் கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது. ஈரத் துணியை மூடிய பாத்திரத்தில் போட்டு மறந்தாற்போன்ற வாடை. வெயில் நன்றாக விழுந்த கூடத்தில், நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருந்தார். காலடியில் கசக்கி எறிந்த காகிதக் கைக்குட்டைகள். ஒவ்வொன்றிலும் காய்ந்துபோன பளபளப்பு.

"என்ன, இன்னைக்குச் சீக்கிரமே?" குரல் கட்டியிருந்தது.

"வாயைத் திறங்க."

"பல்லெல்லாம் தேய்ச்சாச்சு, டீச்சர்."

"விளையாடாதீங்க. திறங்க."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் கேலியை நிறுத்திக்கொண்டு வாயை ஆவெனத் திறந்தார். அவள் கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்திப் பிடித்து, செல்போன் விளக்கை உள்ளே காட்டினாள். வாடை சூடாக, ஈரமாக, அவள் உதட்டின்மேல் படிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தாள். மேலண்ணத்திலிருந்து நாக்குவரை ஒரு கோழை நூல் தொங்கியது. அதற்குப் பின்னால் சிவப்பு. அதற்கும் பின்னால் இருட்டு.

இருட்டு மின்னியது.

வழவழப்பு. மடிப்பு. ஏறி வந்தது.

அவர் மூச்சு நின்றது. அவள் கரண்டியை விடவில்லை.

பிளவு திறந்தது.

"கரண்டியை எடும்மா," என்றது அவருடைய குரல், தொண்டைக்கட்டு இல்லாமல், தெளிவாக. "வெளிச்சம் கண்ணைக் கூசுது."

உதடுகள் அசையவில்லை. நாக்கு கரண்டிக்கு அடியில் செத்த மீன்போல் கிடந்தது. அதற்கு மேலே, அவருடைய கண்கள் நீர் வழிய அவளையே பார்த்துக்கொண்டிருந்தன; அவர் தலை மெதுவாக, கெஞ்சலாக, இல்லை இல்லை என்று ஆடிக்கொண்டிருந்தது.