கழிமுகத்துப் பிடிமண்

சித்திரை மாதத்துத் திருச்சுழியில் காக்காய்கள் பறப்பதில்லை. நின்றிருக்கும் பஸ்ஸின் நிழலுக்குள் வரிசையாக நடக்கும். பஸ் கிளம்பினால் அந்த நிழலோடு அருப்புக்கோட்டை வரைக்கும் நடந்தே போய்விடும். நாய்கள் நாக்கைத் தொங்கவிட யோசிக்கும்; வெளியே விட்ட நாக்கு கருவாடாகித்தான் உள்ளே திரும்பும். அப்படியொரு வெயிலில், குடிக்கிற தண்ணீருக்கே லாரியைப் பார்த்துத் தவம் கிடக்கிற தெருவில், ஜெயபாண்டி கட்டிய புது வீட்டின் கூடத்தில், ஒரு காலையில் தரை ஈரமாக இருந்தது.

குழாய் கசிவு என்று நினைத்தான். குழாயில் தண்ணீர் வந்தே மாதக்கணக்கு ஆகியிருந்தது. குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

உப்பு.

டீக்கடையில் ஊர்க்கதை முழுவதையும் பேசித் தீர்த்துவிட்டுத் திரும்பியபோது தரை காய்ந்து, டைல்ஸ் இடுக்குகளில் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. இருட்டிய பிறகு மறுபடி ஈரம். மறுநாள் அது கொஞ்சம் பிந்தி வந்தது, அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் பிந்தி. வீட்டுக்காரன் எப்போது தனியாக இருப்பான் என்று நோட்டம் பார்த்து வருகிறவனைப் போல. ஈரத்தோடு ஒரு வாடையும் வந்தது. கெட்ட முட்டை, மீன் செதில், நனைந்த சாக்கு, எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு மூடி வைத்தது மாதிரி. ஜெயபாண்டிக்கு அது எங்கே இருக்கிற வாடை என்று தெரியும். தெரியாதது போல ஊதுபத்தி கொளுத்தினான்.

திருச்சுழியில் மணலும் கருவேலமுமாகக் கிடக்கிற குண்டாறு, கடலில் சேருகிற இடத்தில் நிஜமாகவே ஆறாக இருக்கிறது. போன வருஷம் தன் டிப்பர் லாரியில் அந்தப் பக்கம் செங்கல் இறக்கப் போனான். காலி வண்டியாகத் திரும்புவது என்றால் ஜெயபாண்டிக்கு நெஞ்சு அடைத்துவிடும்; எழவு வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போனால்கூடத் திரும்பும்போது யாருடைய ஆட்டையாவது டிப்பரில் ஏற்றிக்கொண்டு வருகிறவன். அங்கே கரையெல்லாம் மண், கன்னங்கரேலென்று, வெண்ணெய் மாதிரி. கண்மாய்க் கரம்பை மண்ணுக்காகக் காலில் விழுகிற ஊர்க்காரனுக்குக் கை சும்மா இருக்குமா? அன்றைக்கு அள்ளினான். அடுத்த நடையும் அள்ளினான். கட்டிக்கொண்டிருந்த வீட்டின் பேஸ்மட்டம் நிரம்பி மேடேறும்வரை அள்ளினான். பூநாரைக் கூட்டம் வானம் சிவக்கக் கிளம்பிப் போனது. மணலில் கிடந்த முட்டைகள் டயருக்கு அடியில் அப்பளமாக நொறுங்கின. வரிசை வரிசையாக நட்டிருந்த அலையாத்திக் கன்றுகள் மீது வண்டி ஏறி இறங்கியபோது, காவலுக்கு இருந்த சின்ன மீரான் கையை விரித்துக்கொண்டு குறுக்கே ஓடி வந்தார்.

"அண்ணே, இந்தச் செடிக்கு மூச்சே வேருலதான். சேத்துக்கு மேல விரல நீட்டிக்கிட்டுத்தான் உசுரோட நிக்கும். அதுமேல வண்டிய விடாதீக."

"ஏலே, ஒதுங்கு. மண்ணுதான?"

"மண்ணு இல்லண்ணே, பாயி. நாளுக்கு ரெண்டு தடவ கடலு வந்து படுத்துட்டுப் போற பாயி. சுருட்டிக்கிட்டுப் போனீகன்னா, படுக்க எடந்தேடி அது எங்கயும் வரும்."

"வரட்டும்லே. எங்க ஊருல தண்ணிக்குத்தான் பஞ்சம்."

டிப்பரே குலுங்கும்படி சிரித்தான் அன்றைக்கு.

இப்போது டைல்ஸ் இடுக்கில் பென்சில் கனத்தில் ஏதோ முளைத்திருந்தது. கறுப்பாக, நுனி மழுங்கி, நிமிர்ந்து. அருவாளை எடுத்துத் தரையோடு தரையாகச் சீவினான். வெட்டிய இடத்திலிருந்து மெல்ல, மிக மெல்ல, ஒரு மூச்சு வெளியேறியது. மறுநாள் அடுப்படியிலும் நின்றன. அதற்கு மறுநாள், விட்டத்தில் கட்டியிருந்த தொட்டில் கம்பிக்கு நேர் கீழே.

பிரசவத்துக்குப் போன மனைவி காளீஸ்வரி இன்னும் நரிக்குடியில் தாய் வீட்டில்தான் இருந்தாள். போன் செய்தாள்.

"வர்றது நெறஞ்ச அமாவாசை. அன்னைக்கு மத்தியானச் சோத்த முடிச்சிட்டுப் பிள்ளையத் தூக்கிட்டு வாரேன். இப்பக் குப்புற விழுறா. போட்ட எடத்துல கெடக்க மாட்டேங்குறா. எது கெடச்சாலும் வாயிதான்."

"ரெண்டு நாளு கழிச்சு வாயேன்."

"ஏன், எவள வச்சிருக்கீக வீட்டுக்குள்ள?"

"தரையில களை மாதிரி என்னமோ மொளைக்குதுடி."

"களை வெட்டத் துப்பில்லாமத்தான் பொண்டாட்டிய வேணாங்குறீகளா? இருங்க, நானே வந்து வெட்டுறேன்."

மகள் முகத்தை அவன் ஆஸ்பத்திரியில் பார்த்ததுதான். அவள் குப்புற விழப்போகிற தரை இது. முளைத்ததையெல்லாம் தேடித் தேடிச் சீவிவிட்டு, அருவாளைச் சுவர் மூலையில் சாத்தினான்.

அமாவாசைக்கு முந்தின நாள் ஈரம் வாசல்படி தாண்டி ஒழுகியது. பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் குடத்தோடு வந்து நின்றாள். இவன் ஆழ்குழாய்ப் போர் போட்ட அன்றே தன் கிணறு செத்துப்போனது என்று தெருவெல்லாம் மண்ணை வாரித் தூற்றியவள் அவள்.

"என் கெணத்த உறிஞ்சுனது பத்தாம வீட்டுக்குள்ள ஒளிச்சு வேற வச்சிருக்கியாக்கும்?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னான். கிழவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தத் தெருவில் அந்த வருஷம் பார்த்த ஒரே நல்ல தண்ணீர் அதுதான்.

"அடப்பாவி. பிடிமண்ணு எடுத்து வந்துதான நம்ம ஊருல கருப்பசாமி கோயிலு கட்டுனது. ஒரு பிடி மண்ணுக்கே சாமி பின்னாலயே நடந்து வந்துச்சு. நீ லோடு லோடா அள்ளியிருக்க. யாரு யாரு கூட வந்திருக்காகளோ."

"இப்ப என்ன சின்னம்மா செய்ய? வீட்டையா இடிக்க?"

"ஒரு பிடி எடுத்துக் கொண்டுபோயி அங்கனயே போட்டுட்டு, போயிருங்கன்னு கும்பிடு. வந்த மாதிரியே போயிருவாக." போகும்போது திரும்பிப் பார்த்தாள். "ஆனா, அவுக குடுத்தாகன்னாத்தான் எடு."

அமாவாசை காலையில் கடப்பாரையை எடுத்தான். மத்தியானச் சோறு முடிந்ததும் காளீஸ்வரி வந்துவிடுவாள். அதற்குள் பிடிமண்ணோடு கிளம்பிவிட வேண்டும். டைல்ஸ் உடைந்தது. அடியில் இருந்த கான்கிரீட்டைச் சொந்த வீடு என்பதால் அவனே இரட்டைக் கனத்துக்குப் போட்டிருந்தான். அது விட்டுக்கொடுக்கும்போது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. தெருவில் ஒரு கோழிகூட இல்லை. ஜன்னல் வழியே விழுந்த வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அந்த வெளிச்சத்தில், உடைந்த தரைக்கு அடியில், மண் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிறவன் வயிறு மாதிரி.

தரைக்கு அடியில் எங்கேயோ பறவைகள் கத்தின. ஒன்று இரண்டல்ல. ஒரு வானம் கொள்ளும் அளவுக்கு.

குப்புறப் படுத்துக் கையை விட்டான். சில்லென்று இருந்தது. முட்டை ஓடுகள் உள்ளங்கையில் நெருடின. ஒரு பிடி பிடித்தான். இழுத்தான்.

வரவில்லை.

பிடியை விட்டான். விரல்களைப் பிரித்தான். கை மட்டும் போதும் என்று இழுத்தான்.

அதுவும் வரவில்லை.

ஓட்டை விளிம்பில் தண்ணீர் தெரிந்தது. அமைதியாக, அவசரமே இல்லாமல், கூடமெங்கும் பரவியது. சின்னச் சின்ன நண்டுகள் அவன் கழுத்தில் ஏறி, காதோரம் நின்று, இறங்கிப் போயின. முழங்கை வரை இருந்த சேறு தோள் வரை வந்தது. இல்லை. அவன்தான் போய்க்கொண்டிருந்தான்.

"சின்னம்மா!"

வெளியே பிளாஸ்டிக் குடங்கள் இடிபடும் சத்தம். வாசலில் வரிசை கூடிவிட்டது.

"சின்னம்மா! கதவத் தள்ளிட்டு உள்ள வாங்க!"

"தண்ணி வந்ததும் சின்னம்மாவாம்ல!" ஒச்சம்மாளின் குரல். தெருவே சிரித்தது. "ஏய், என் கொடத்த நகட்டாத. நான்தான் மொதல்ல வந்தேன்."

யாரோ குடித்தார்கள். யாரோ துப்பினார்கள்.

"தூ! உப்பு. நாம பிடிக்கக் கூடாதுன்னே உப்பக் கொட்டியிருக்கான் படுபாவி."

குடங்கள் திட்டிக்கொண்டே கலைந்து போயின.

தோள். கழுத்து. கன்னம். வாயில் சேறு. மறு கையை மேலே நீட்டினான், எதையாவது பிடிக்க. பிடிக்க ஒன்றுமில்லை.

இருட்டு.

அவன் சாகவில்லை. அதுதான் முதலில் புரிந்தது. இறுக்கி மூடிய கறுப்புக்குள், வாயும் மூக்கும் அடைபட்டு, நெஞ்சு ஒரு துளி அசைய இடமில்லாமல் நின்றான். ஆனாலும் எங்கிருந்தோ மூச்சு வந்தது. மெல்லிசாக, விரல் நுனி வழியாக. தலைக்கு மேலே உடைந்த ஓட்டையைச் சேறு நிரப்பி மூடுவதும் தண்ணீர் வடிவதும் கேட்டது. தரை காய்வது கேட்டது. ஐந்து விரல்களிலும் மத்தியானத்துக் காற்று பட்டது.

ஆட்டோ சத்தம். கதவு. கொலுசு.

"ஏங்க?" காளீஸ்வரியின் குரல். "கதவுக்குத் தாப்பாகூடப் போடாம எங்க போனாக இவுக? தரைய ஒடச்சுப்புட்டுக் கடப்பாரைய நடுவீட்டுலயே போட்டிருக்காக பாரு."

மகளைத் தரையில் விடும் சத்தம் மெத்தென்று கேட்டது. ஒரு முனகல். ஒரு புரளல். பிறகு, சூடான ஒரு சின்னக் கை அவன் சுட்டுவிரலை இறுகப் பிடித்தது. பல் இல்லாத ஈரமான வாய் அந்த விரல் நுனியைக் கவ்விச் சப்பியது. அந்த வழி மூச்சு நின்றது.

நான்கு மிச்சம்.

"ச்சீ, அத வாயில வைக்காத கண்ணு," என்றாள் காளீஸ்வரி. பிள்ளை விலகியது. "இதத்தான் களை மொளைக்குதுன்னு சொன்னாகளா? அஞ்சும் அப்படியே நிக்குது."

சுவர் மூலையிலிருந்து இரும்பு உரசும் சத்தம் வந்தது. கொலுசு பக்கத்தில் வந்து நின்றது. விரல் நுனிகளின் மேல் விழுந்துகொண்டிருந்த வெயிலை, வளைந்து மெலிந்த ஒரு நிழல் குறுக்காக மறைத்தது.